தழும்புற்ற இருதயமும் சோதனைக்குள்ளான சிகிச்சையும்

மாரடைப்பு என்னும் சொல்லைக் கேட்டு அஞ்சாதார் இலர். மார்பில் வலி கண்டு, உடல் வியர்த்து, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டு, உயிர் தப்பி வீடு திரும்பிய ஒருவரைக் கண்டு உற்றாரும் உறவினரும் மகிழ்கின்றனர். ஆபத்து நீங்கிவிட்டது என்றே யாவரும் கருதுகின்றனர். பெரும்பாலோர் திறத்தில் அது உண்மையே. ஆயினும் சிலருக்கு, மாரடைப்பு நேர்ந்து மாதங்களும் ஆண்டுகளும் கழிந்த பின்னர், யாதொரு முன்னறிவிப்புமின்றி இருதயம் நிமிடத்துக்கு 180 முறை, 200 முறை என வெறிகொண்டு துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அத்தனை விரைவாகத் துடிக்கும் இருதயத்தில் இரத்தம் நிரம்புவதற்கே நேரமில்லை. பின்பு அதனை உடலெங்கும் இறைப்பது எங்ஙனம்? தலை சுற்றுகிறது, நினைவு தப்புகிறது, உடனே உதவி கிட்டாவிடின் உயிரும் பிரிகிறது.

இந்த ஆபத்தைத் தடுக்க இன்று கையாளப்படும் முறைகளுள் ஒன்று விந்தையானது. தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய நீண்ட குழாய் ஒன்றை இருதயத்தினுள் செலுத்தி, கோளாறு பிறக்கும் இடத்தைத் தேடிக் கண்டு, அதனைச் சிறு சிறு புள்ளிகளாகச் சுட்டுவிடுகின்றனர். இதற்கு அப்லேஷன் என்று பெயர். முன்னரே புண்பட்ட இருதயத்தை மேலும் சுடுவதா என்று கேட்கத் தோன்றும். அக்கேள்வி நியாயமானதே. இம்முறை எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்பது சுவையான வரலாறு. அது மெய்யாகவே நன்மை பயக்கிறதா என்பதை மருத்துவர்கள் எவ்வாறு சோதித்து அறிந்தனர் என்பது அதனினும் முக்கியமான வரலாறு. அவ்விரண்டையும் சேர்த்தே இங்குக் காண்போம்.

முதற்கண், கோளாறு பிறக்கும் விதத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும். நம் இருதயம் தசையால் ஆனது. அதன் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் மெல்லிய மின்அலை ஒன்று மேலறையில் தோன்றி, கீழறைகளுக்கு இறங்கி, தசை முழுவதும் பரவி அடங்குகிறது. அலை கடந்து சென்ற தசை சிறிது நேரம் ஓய்வு கொண்ட பின்னரே அடுத்த அலையை ஏற்கும். மாரடைப்பின்போது இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயொன்று அடைபடுவதால், தசையின் ஒரு பகுதி மாண்டுபோகிறது. மாண்ட இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு மின்அலையைக் கடத்தாது. ஆனால் தழும்பு முழுவதும் ஒரே கட்டியாக அமைவதில்லை. இடையிடையே உயிர் தப்பிய தசையிழைகள், பாழடைந்த ஊரில் எஞ்சி நிற்கும் சந்துகளைப் போல, குறுகியும் வளைந்தும் ஓடுகின்றன. மின்அலை அச்சந்துகளில் நுழைந்தால் மிக மெதுவாகவே ஊர்ந்து செல்லும். அது மறுபுறம் வெளிப்படும்பொழுது, சுற்றியுள்ள தசை ஓய்வு நீங்கி மீண்டும் அலையை ஏற்க ஆயத்தமாக இருக்கும். அலை அத்தசையைத் துடிக்கச் செய்து, சுற்றி வந்து, அதே சந்தில் மறுபடியும் நுழையும். இவ்வாறு செக்குமாடு போல ஓயாது சுற்றிவரும் அலையே இருதயத்தைத் தன் வேகத்துக்கு ஆட்டிவைக்கிறது. இதனைக் கீழறை வேகத்துடிப்பு என்போம். இது முற்றினால் கீழறைத் தசைகள் ஒழுங்கற்று நடுங்கும் நிலை வந்துறும். அது நிமிடங்களில் உயிரைக் கொல்வது.

திடீர் மரணத்துக்குக் காரணம் இத்தகைய கீழறை நடுக்கமாக இருக்கலாம் என்று 1889-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாட்டு அபர்தீன் நகரத்துப் பேராசிரியர் ஜான் மக்வில்லியம் எழுதினார். இருதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் கருவியை ஹாலந்து தேசத்து லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய பின்னரே இக்கருத்துக்களை நோயாளியிடத்தில் சோதித்துப் பார்க்க வழி பிறந்தது. இன்று யாவரும் அறிந்த இ.சி.ஜி. அதுவே. அதன் பொருட்டு 1924-இல் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

அலை வட்டமிட்டுச் சுற்றும் என்பதைத் தெளிவாகக் காட்டியவர் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்னும் ஆங்கில இளைஞர். அவர் 1913, 1914 ஆகிய ஆண்டுகளில் விலங்குகளின் இருதயத் தசையை மோதிரம்போல் வளையமாக வெட்டி எடுத்து, அதில் மின்அலை ஒரே திசையில் மீண்டும் மீண்டும் சுற்றிவரக் கண்டார். அலை மெய்யாகவே சுற்றுகிறதா என்று அறிய அவர் கூறிய வழி மிக எளியது: வளையத்தை ஓரிடத்தில் அறுத்துவிடு, துடிப்பு நின்றுபோனால், சுற்றியது உண்மை. 1914 நவம்பரில் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் தம் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் நினைவிழந்து கிடக்கக் காணப்பட்டு, பின்னர் இறந்தார். தம் உடலையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார் என்று கருதப்படுகிறது. அப்பொழுது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. வளையத்தை அறுத்தால் துடிப்பு நிற்கும் என்ற அவருடைய சொல்லிலேதான் பிற்காலத்துச் சிகிச்சை முழுவதும் விதையாக அடங்கியிருந்தது எனலாம்.

விதை முளைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இடையில் மருத்துவ உலகம் வேறொரு வழியிற் சென்றது. 1947-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாட் பெக் என்னும் அறுவை மருத்துவர், மார்பு திறந்த நிலையில் நடுங்கிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனின் இருதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார். 1956-இல் பாஸ்டன் நகரத்து பால் ஸோல், மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து அதிர்ச்சி கொடுத்து உயிர்ப்பிக்கலாம் என்று காட்டினார். மாரடைப்பு நோயாளிகளை ஒரே கூடத்தில் வைத்து, இரவும் பகலும் இ.சி.ஜி. திரையைக் கண்காணித்து, நடுக்கம் தோன்றியவுடன் அதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு 1960களின் தொடக்கத்தில் பிறந்தது. அதனால் மருத்துவமனைகளில் காப்பாற்றப்பட்டோர் பலர்.

அவ்வாறு திரையைக் கண்ணிமையாது நோக்கிய மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தனர். மாரடைப்புக்கு உள்ளானவர்களிடம், ஒழுங்கான துடிப்புக்களின் இடையே வேண்டாத துடிப்பொன்று அடிக்கடி தலைகாட்டியது. இவ்விடைத்துடிப்புகள் மிகுந்திருந்தோர் பின்னாளில் திடீரென இறப்பதும் மிகுதியாக இருந்தது. ஆகவே இடைத்துடிப்பை அடக்கினால் மரணத்தையும் தடுக்கலாம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். அடக்கும் மருந்துகளும் கிடைத்தன. எங்கைனைடு, ஃபிளெக்கைனைடு என்னும் புதிய மருந்துகள் இடைத்துடிப்புகளை ஏறக்குறைய முற்றிலும் துடைத்துவிட்டன. இ.சி.ஜி.யின் கோடு அழகாக ஒழுங்குபட்டது. நோயாளியும் மகிழ்ந்தார், மருத்துவரும் மகிழ்ந்தார்.

இந்த நம்பிக்கையைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் தேசிய இருதய, நுரையீரல், இரத்த ஆராய்ச்சி நிலையம் ஏற்பாடு செய்தது. 1987-இல் தொடங்கிய அப்பெருஞ்சோதனை, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு ‘காஸ்ட்’ என்று வழங்கப்படுகிறது. எவருக்கு மருந்து இடைத்துடிப்பை அடக்கிக் காட்டியதோ, அவர்களையே தேர்ந்து, திருவுளச்சீட்டுப் போடுவது போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மருந்து. மற்றவர்க்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது. பயன் தரும் மருந்தைப் பாதிப் பேருக்கு மறுப்பது அறமாகுமா என்று அன்று கேட்டவர்களும் உண்டு.

1989 ஏப்ரலில் அச்சோதனையின் இப்பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்துண்ட 755 பேரில் 63 பேர் மாண்டிருந்தனர். வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரே மாண்டிருந்தனர். சராசரியாகப் பத்து மாத காலத்துக்குள் நிகழ்ந்தது இது. இருதயத் துடிப்புக் கோளாற்றினாலேயே நிகழ்ந்த சாவுகளை மட்டும் எண்ணினால், மருந்துப் பிரிவில் 43, மற்றதில் 16. துடிப்பை ஒழுங்குபடுத்திய மருந்தே, ஒழுங்குபட்ட அந்த இருதயங்களைக் கொன்றது. அடையாளம் ஒன்று மறைந்ததைக் கண்டு ஆபத்தே மறைந்ததாகக் கொண்டனர். அடையாளத்தை அழிப்பதும் நோயை அழிப்பதும் வெவ்வேறு என்பதை அறுபத்து மூவரின் மரணம் மருத்துவ உலகுக்கு உணர்த்திற்று. அச்சோதனை நடந்திராவிடின், அம்மருந்துகள் நல்ல மருந்துகள் என்ற பெயருடன் இன்னும் எத்தனை காலம் வழங்கப்பட்டிருக்குமோ, யார் அறிவார்?

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், இருதயத் துடிப்பைத் திருத்தும் எந்தச் சிகிச்சையையும், அது எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், சோதியாமல் ஏற்பதில்லை என்னும் மனப்பான்மை வலுப்பெற்றது. அப்லேஷன் சிகிச்சை வளர்ந்தது இச்சூழ்நிலையிலேதான்.

அதன் முன்னோடி கத்தியே. மாரடைப்பால் இருதயச் சுவர் மெலிந்து புடைத்த பகுதியை வெட்டி நீக்கியதும் வேகத்துடிப்பு நின்றதாக 1959-இலேயே ஒரு மருத்துவர் எழுதினார். ஆனால் எதனை வெட்டவேண்டும், எதனை விடவேண்டும் என்று அறிவது எவ்வாறு? 1972-இல் ஹாலந்து நாட்டு ஹெய்ன் வெல்லன்ஸ் இதற்கு வழிகாட்டினார். இருதயத்தினுள் செலுத்திய மின்கம்பியால் குறித்த நேரத்தில் சிறு தூண்டுதல்கள் கொடுத்து, வேகத்துடிப்பைத் தாமே வரவழைக்கவும் தாமே நிறுத்தவும் முடியும் என்று அவர் காட்டினார். கள்வனை அவன் வேண்டிய நேரத்தில் வரவிடாமல், நாம் வேண்டிய நேரத்தில் வரவழைத்துப் பிடிப்பது போன்றது இது. பிலடெல்பியா நகரில் மார்க் ஜோசப்சன் இம்முறையைக் கொண்டு, வேகத்துடிப்பின்போது மின்அலை முதலில் எங்கே தோன்றுகிறது என்று இருதயத்தின் உட்சுவரை இடமிடமாக அளந்து வரைபடம் செய்தார். 1979-இல் அவரும் அறுவை மருத்துவர் ஆல்டென் ஹார்க்கனும் சேர்ந்து, வரைபடம் காட்டிய இடத்தில் தழும்பின் உட்படலத்தை உரித்தெடுக்கும் அறுவையை வெளியிட்டனர். பிழைத்தவர்களில் பெரும்பாலோர்க்கு வேகத்துடிப்பு திரும்பவில்லை. ஆனால் நலிந்த இருதயத்தைத் திறந்து செய்யும் அறுவையைத் தாங்காது மாண்டோர் தொகையும் சிறிதன்று.

அதே காலத்தில் முற்றிலும் வேறான ஒரு வழியும் திறந்தது. போலந்து நாட்டு வார்சா நகரில் 1924-இல் பிறந்த மிஷேல் மிரோவ்ஸ்கி, உலகப் போரின் கொடுமைகளுக்குத் தப்பிய மருத்துவர். இஸ்ரேலில் பணியாற்றிய நாளில், அவருடைய ஆசானும் நண்பருமான ஹாரி ஹெல்லர் வேகத்துடிப்பால் மீண்டும் மீண்டும் மருத்துவமனையை நாடி, ஈற்றில் உயிரிழந்தார். நோயாளியை எந்நாளும் மருத்துவமனையிலேயே அடைத்துவைக்க முடியாதெனில், மருத்துவமனையின் மின்னதிர்ச்சிக் கருவியை நோயாளியின் உடலுக்குள்ளேயே வைத்தாலென்ன என்று மிரோவ்ஸ்கி எண்ணினார். அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குச் சென்று, மார்ட்டன் மோவருடன் சேர்ந்து அக்கருவியைச் செய்ய முயன்றார். அத்துறையின் பெருமக்களே அது தேவையற்ற முயற்சி என்று 1972-இல் கண்டித்து எழுதினர். ஆயினும் 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அக்கருவி முதன்முதலாக ஒரு மனிதரின் உடலில் பொருத்தப்பட்டது.

இக்காவற்கருவியும் சோதனைக்குத் தப்பவில்லை. உயிருக்கு அபாயமான துடிப்பிலிருந்து மீண்ட 1,016 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 1997-இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகளுக்குப் பின், மருந்து மட்டும் உண்டோரில் நூற்றுக்கு 64 பேரும், கருவி பொருத்தியோரில் நூற்றுக்கு 75 பேரும் உயிருடன் இருந்தனர். 2002-இல் வெளியான மற்றொரு சோதனை, மாரடைப்பால் இருதயம் நலிந்த 1,232 பேரிடம் நடந்தது. அங்கும் இருபது மாத அளவில் கருவி பெற்றோரிடையே சாவு நூற்றுக்கு 14, பெறாதோரிடையே நூற்றுக்கு 20 என்னும் வேறுபாடு காணப்பட்டது. உயிர் காக்கும் என்பதில் ஐயம் நீங்கிற்று.

ஆனால் காவலன் திருடனைத் துரத்துவானேயன்றித் திருட்டெண்ணத்தை மாற்றமாட்டான். கருவி, வேகத்துடிப்பு வந்த பின்னரே செயற்படுகிறது; அது வராமல் தடுப்பதில்லை. நினைவுடன் இருக்கும்பொழுது கருவி அதிர்ச்சி கொடுத்தால், மார்பில் உள்ளிருந்து குதிரை உதைத்தாற்போல் இருக்கும் என்று நோயாளிகள் கூறுவர். ஒரே நாளில் பலமுறை அதிர்ச்சி பெறுவோரும் உண்டு. அடுத்த அதிர்ச்சி எப்பொழுது வருமோ என்று உறக்கமின்றி, வெளியே செல்ல அஞ்சி, குடும்பத்தாரும் அஞ்சி வாழும் வாழ்க்கை எளிதன்று. அதிர்ச்சியைக் குறைக்கக் கொடுக்கப்படும் அமியோடரோன் என்னும் மருந்து வலிமை மிக்கது; நெடுங்காலம் உண்டால் தைராய்டுச் சுரப்பி, ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கெடுக்கவும் வல்லது. ஆகவே, சுற்றும் அலையின் பாதையையே துண்டித்துவிடும் சிகிச்சைக்குத் தேவை குறையவில்லை. மைன்ஸின் வளையத்தை அறுக்கவேண்டும். ஆனால் மார்பைத் திறவாமல் அறுக்கவேண்டும்.

அதற்குக் குழாய் உதவிற்று. இருதயத்தினுள் செலுத்திய குழாயின் முனை வழியாக மின்னதிர்ச்சி கொடுத்து, வேண்டாத மின்பாதையை அழிக்கும் முறையை 1980களின் தொடக்கத்தில் ஸான்பிரான்சிஸ்கோ நகரத்து மெல்வின் ஷெயின்மன் முதலியோர் வெளியிட்டனர். 1983-இல் ஜெஃப்ரி ஹார்ட்ஸ்லர் இதனைக் கீழறை வேகத்துடிப்புக்குக் கையாண்டார். ஆனால் அவ்வதிர்ச்சி வெடிபோன்றது. அதன் அளவைக் கட்டுப்படுத்துவது அரிது. விரைவில் அதனிடத்தை ரேடியோ அதிர்வெண் மின்சாரம் பற்றிக்கொண்டது. அது வெடிப்பதில்லை, குழாயின் முனை தொட்ட இடத்தை மட்டும் மெல்லச் சூடாக்கி, சிறு தழும்பாக மாற்றுகிறது. கடத்தும் சந்து கடத்தாத தழும்பாகிறது. அலை சுற்றுவதற்கு வழியில்லை.

ஆயினும் ஓர் இடையூறு. வேகத்துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே அதன் பாதையைத் தேடவேண்டியிருந்தது. பல நோயாளிகளுக்கோ அந்நிலையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து, சில நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. 1997-இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து ஆராய்ச்சியாளர்கள், காந்தப் புலத்தின் உதவியால் குழாய்முனை நிற்கும் இடத்தையும், அவ்விடத்து மின்குறியையும் ஒருசேரப் பதிந்து, இருதயத்தின் உட்புறத்தை வண்ணப் படமாகத் தீட்டும் கருவியை வெளியிட்டனர். தசை உள்ள இடம் ஒரு நிறம். தழும்பு மற்றொரு நிறம். இடைப்பட்ட எல்லை பிறிதொரு நிறம். இதனைக் கொண்டு, 2000-இல் பிலடெல்பியாவின் பிரான்சிஸ் மார்ச்லின்ஸ்கி குழுவினர், இருதயம் இயல்பாகத் துடிக்கும்பொழுதே தழும்பின் எல்லையை அறிந்து வரிசையாகச் சுடும் முறையை 16 நோயாளிகளிடம் கையாண்டு காட்டினர்.

முறை கைகூடிற்று. காஸ்ட் சோதனையின் நினைவு மட்டும் மருத்துவர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. சுட்டவுடன் வேகத்துடிப்பை வரவழைக்க முடியவில்லை என்பது ஓர் அடையாளமே. நோயாளி பின்னாளில் நன்றாக வாழ்கிறாரா என்பதன்றோ கேள்வி?

முதல் விடை 2007-இல் கிடைத்தது. மாரடைப்புக்குப் பின் காவற்கருவி பொருத்தப்பெற்ற 128 பேரை இரு சம பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு முன்னெச்சரிக்கையாக அப்லேஷன் செய்தனர். ஏறக்குறைய இரண்டாண்டுகளில், அப்லேஷன் செய்துகொண்டோரில் நூற்றுக்கு 12 பேருக்கும், ஏனையோரில் நூற்றுக்கு 33 பேருக்கும் கருவி செயற்பட வேண்டியதாயிற்று. பின்னர் 2010-இல் ஐரோப்பிய நாடுகளில் 107 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. வேகத்துடிப்பு மீண்டும் தலைகாட்டுவதற்கு ஆன காலத்தின் நடு அளவு, அப்லேஷன் செய்யாதோரிடம் ஆறு மாதத்துக்கும் சற்றுக் குறைவு; செய்தோரிடம் பதினெட்டரை மாதம். இவ்விரு சோதனைகளும் அதிர்ச்சி குறையும் என்பதை நிறுவின. ஆயுள் நீளும் என்பதை நிறுவவில்லை.

2016-இல் கனடாவின் ஜான் ஸாப் தலைமையில் நடந்த சோதனை, மருந்து உண்டும் வேகத்துடிப்பு அடங்காத 259 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினர்க்கு அப்லேஷன். மற்றவர்க்கு மேலும் வலிய மருந்து. சாவு, ஒரே நாளில் மீளமீள வரும் வேகத்துடிப்பு, கருவியின் தக்க அதிர்ச்சி ஆகிய மூன்றில் ஒன்றேனும் நேர்ந்தோரைக் கணக்கிட்டனர். அப்லேஷன் பிரிவில் நூற்றுக்கு 59. மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 68 அல்லது 69. வேறுபாடு உண்டு, ஆனால் பெரிதன்று. சாவில் மட்டும் வேறுபாடு காணப்படவில்லை. இருதரப்பிலும் தீங்கு இருந்தது. அப்லேஷன் பிரிவில் இருவருக்கு இருதயச் சுவர் துளைபட்டது. மூவருக்குக் கடும் இரத்தப்போக்கு. மருந்துப் பிரிவில் இருவர் நுரையீரல் நஞ்சாலும், ஒருவர் ஈரல் கெட்டும் மாண்டனர்.

அங்ஙனமாயின் இன்னும் முன்னதாகவே, கருவி பொருத்தும்பொழுதே, அப்லேஷன் செய்துவிட்டால் என்ன? ஜெர்மானிய மருத்துவர்கள் தலைமையில் 159 நோயாளிகளிடம் இக்கேள்வி சோதிக்கப்பட்டு, 2020-இல் முடிவு வெளியாயிற்று. முன்னரே செய்துகொண்டோரில் வேகத்துடிப்பும் கருவியின் தலையீடும் ஓரளவு குறைந்தே காணப்பட்டன. ஆனால் சாவு, அதனுடன் இருதயக் கோளாற்றுக்காக எதிர்பாராது மருத்துவமனையிற் சேர்தல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபொழுது, முன்னரே செய்துகொண்டோர்க்கு நூற்றுக்கு 33, மூன்று அதிர்ச்சிகள் வரும்வரை காத்திருந்தோர்க்கு நூற்றுக்கு 28 என்றாயிற்று. நன்மை விளையும் என்று காட்ட வழியில்லை எனக் கண்டு, அச்சோதனையை இடையிலேயே நிறுத்தினர். முந்திக்கொள்வது எப்பொழுதும் நன்றென்று எண்ணியவர்களுக்கு இது ஒரு தடையாயிற்று.

மீண்டும் ஸாப் குழுவினரே மற்றொரு பெருஞ்சோதனையை மேற்கொண்டனர். மருந்தால் அடங்காத பின்பே அப்லேஷன் என்பது வழக்கம். மருந்தைப் பரீட்சிக்கும் முன்னரே, முதற் சிகிச்சையாகவே அப்லேஷன் செய்தால் நன்மை உண்டா என்பதே அவர்கள் கேள்வி. கனடா, அமெரிக்கா, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளில் 22 மருத்துவமனைகளிலிருந்து 416 நோயாளிகள் இதில் இணைந்தனர். 203 பேருக்கு அப்லேஷன். 213 பேருக்கு ஸோடலால் அல்லது அமியோடரோன். நடு அளவாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தனர். 2024 நவம்பரில் முடிவை வெளியிட்டனர். சாவு அல்லது அபாயமான வேகத்துடிப்பு நேர்ந்தோர், அப்லேஷன் பிரிவில் நூற்றுக்கு 51, மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 61. சாவை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 22, நூற்றுக்கு 25. இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். அப்லேஷனுக்குப் பின் ஒரு மாதத்துக்குள் இருவர் மாண்டனர். 23 பேருக்கு உயிர் போகாத தீங்குகள் நேர்ந்தன. மருந்துப் பிரிவில் ஒருவர் நுரையீரல் கெட்டு மாண்டார். 46 பேருக்குப் பிற தீங்குகள் மருந்தால் விளைந்தன.

இவ்வெண்களை எவ்வாறு பொருள்கொள்வது? அப்லேஷன் செய்துகொண்ட பின்னும் பாதிப் பேருக்கு இன்னல் நேர்ந்ததே என்று ஒருவர் வருந்தலாம். மருந்தைக் காட்டிலும் பத்துப் பேர் குறைவாக அல்லலுற்றனரே என்று மற்றொருவர் மகிழலாம். இரண்டும் உண்மையே. தழும்பு என்பது உறைந்துபோன பொருளன்று. இருதயம் மேலும் நலிய, புதிய சந்துகள் தோன்றலாம். சுட்ட இடத்தின் ஆழத்தில், வெப்பம் எட்டாத பழைய சந்து எஞ்சியும் இருக்கலாம். ஆகவே அப்லேஷனை நோயை வேரோடு பிடுங்கும் சிகிச்சை என்று கூறவியலாது; அதிர்ச்சிகளைக் குறைத்து, நஞ்சு கலந்த மருந்தின் தேவையையும் குறைத்து, வாழ்வைச் சற்று அமைதியாக்கும் சிகிச்சை என்று கூறலாம். காவற்கருவியின் இடத்தை அது பற்றிக்கொள்ளவில்லை; கருவிக்குத் துணையாக நிற்கிறது.

வெப்பம் எட்டாத ஆழத்தை எட்டவும் வழிதேடுகின்றனர். 2017-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர்கள், புற்றுநோய்க்குப் பயன்படும் கதிர்வீச்சை வெளியிலிருந்தே இருதயத் தழும்பின்மீது ஒருமுறை செலுத்தினர். வேறு வழியற்ற ஐந்து நோயாளிகளுக்கு அதற்கு முந்திய மூன்று மாதங்களில் மொத்தம் 6,577 முறை வந்த வேகத்துடிப்பு, சிகிச்சைக்குப் பின் வியக்கத்தக்க அளவு குறைந்ததாக அறிவித்தனர். ஆனால் ஐவர் என்பது ஐவரே. காஸ்ட் சோதனையைக் கண்ட மருத்துவ உலகம், ஐவரின் நலத்தைக் கண்டு ஐயாயிரவர்க்கு அதனை விதிக்கத் துணியாது. அதற்கும் திருவுளச்சீட்டு முறைச் சோதனை தேவை.

நம் நாட்டின் பெருநகர மருத்துவமனைகளிலும் அப்லேஷன் சிகிச்சை நடைபெற்று வருகிறது. எனவே இவ்வரலாறு நமக்கு எட்டாத தொலைவில் நிகழ்ந்த ஒன்றன்று. நம் வீட்டில் ஒருவருக்கு இச்சிகிச்சை கூறப்படும் நாளில், இதனால் என்ன குறையும், என்ன குறையாது, மருந்துடன் ஒப்பிட்டால் எப்படி, இதில் வரக்கூடிய தீங்கு யாது என்று நாம் மருத்துவரைக் கேட்கலாம். அவ்வாறு கேட்பது அவமதிப்பாகாது. அக்கேள்விகளுக்கு விடை கூற இன்று எண்கள் உள்ளன.

அவ்வெண்கள் எளிதிற் கிடைத்தவை அல்ல. கருவியைச் செய்தவர், வரைபடம் தீட்டியவர் ஆகியோர் பெயர்களை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ஆனால், எப்பிரிவில் தம் பெயர் விழும் என்று அறியாமலே சம்மதக் கையெழுத்திட்டு, சோதனையில் தம்மை ஒப்புவித்த நோயாளிகளின் பெயர்களை நாம் அறியோம். காஸ்ட் சோதனையில் மாண்ட அறுபத்து மூவரும் அத்தகையோரே. தீய மருந்து என அறியாது அவர்கள் உண்டதனால், தீயதென அறிந்து பின்னோர் விலக்கினர். இன்று மாரடைப்பிலிருந்து மீண்டு, மார்பில் கருவியுடன், அடுத்த அதிர்ச்சியை அஞ்சாது நிம்மதியாக உறங்கும் ஒவ்வொருவரும் அப்பெயரறியாதோர்க்குக் கடன்பட்டவர்களே.